எஸ்ஆர்எஃப் ஆணையா, ஏஜென்சி வேலையா? டெல்டாவில் ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நாற்றங்கால் | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மன்னார்குடி பக்கம். எம்எஸ்சி அக்ரி, பயிர்ப் பெருக்கம் படித்து முடித்து எட்டு மாதம் ஆகிறது. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) ஒரு தடவை எழுதினேன், போய்விட்டது. அடுத்ததற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டுமே அரசு ஆராய்ச்சி நிலையம், பெயர் வேண்டாம்.

ஒன்று, தஞ்சாவூர்ப் பக்கம் நெல் திட்டத்தில் எஸ்ஆர்எஃப், அதாவது சீனியர் ரிசர்ச் ஃபெல்லோ. திட்டம் மூன்று வருடம். ஆனால் ஆணை ஒரு வருடத்துக்குத்தான். முதல் இரண்டு வருடம் 37,000, மூன்றாவது வருடம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி.

இன்னொன்று, ஒரு லேபில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். நேரடி நியமனம் இல்லை, ஏஜென்சி மூலம். சம்பளம் 19,500 என்கிறார்கள், கையில் 15,100 சொச்சம் வருமாம். ஆனால் அங்கே ஆறு பேர் எட்டு வருடமாக அதே வேலையில் இருக்கிறார்கள்.

அப்பா இரண்டாவதற்குப் போ என்கிறார். "எட்டு வருஷம் யாரும் கிளப்பலன்னா அதுதான் பர்மனென்ட்" என்பது அவர் கணக்கு. அம்மா எதுவும் சொல்லவில்லை, ஜாதகத்தை மட்டும் எடுத்து வெளியே வைத்திருக்கிறார். எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் மூன்று வருடம் கழித்து 28 வயதில் தெருவில் நிற்க வேண்டுமோ என்று பயம். என்ன செய்யலாம்?


பதினோரு மாசம் | ஞாயிறு இரவு 10.15

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். பதினோரு மாத ஆணை, முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி, மறுநாள் புது ஆணை. அந்த ஒரு நாள் எதற்கென்றால் தொடர்ச்சியாக வேலை பார்த்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த நாளிலும் நான் லேபுக்குப் போவேன், ஏனென்றால் செடிக்கும் தட்டில் இருக்கிற கல்ச்சருக்கும் ஆணை முடிந்தது தெரியாது. வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போட விட மாட்டார்கள்.

தங்கச்சி, எஸ்ஆர்எஃப் என்றதும் மாதா மாதம் 37,000 வரும் என்று கணக்குப் போடாதே. வெளி நிதித் திட்டத்தில் பணம் வருடா வருடம்தான் விடுவிப்பார்கள். மார்ச் 31 முடிந்ததும் செலவுக் கணக்கு தணிக்கையாகி, பயன்பாட்டுச் சான்றிதழ் மேலே போய், அதைப் பார்த்துத்தான் அடுத்த தவணை. அதுவரை திட்டக் கணக்கில் மிச்சம் இருந்தால் சம்பளம், இல்லையென்றால் "வரும்மா, வரும்". ஒரு வருடம் எனக்கு ஏப்ரலில் நின்ற சம்பளம் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மொத்தமாக வந்தது. அதுவரை கும்பகோணத்தில் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

சித்திரையிலிருந்து ஆவணி வரை ஓட்டுவதற்குக் கையில் காசு வைத்துக்கொள். மற்றதெல்லாம் அப்புறம்.


வெட்டாறு | ஞாயிறு இரவு 11.02

நானும் அதே பாடப்பிரிவு. இரண்டு திட்டத்தில் மொத்தம் நாலு வருடம் எஸ்ஆர்எஃப். இப்போது ஒரு வங்கிக் கிளையில் வேளாண் கள அலுவலர். நகைக்கடன், கேசிசி என்கிற விவசாயிக் கடன் அட்டை, கன்றுக்குட்டிக் கடன்.

ஒரு சின்ன விஷயம். எஸ்ஆர்எஃப் என்றால் சீனியர் என்று பெயர்தான். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத் திட்டங்களில் முதல் இரண்டு வருடம் வருவது மற்றத் துறைகளில் ஜேஆர்எஃப்புக்கு, அதாவது ஜூனியருக்கு, கொடுக்கும் அதே தொகை. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் 37,000, எஸ்ஆர்எஃப் 42,000. அதற்கு முன்னால் 31,000, 35,000. எங்களுக்கு மட்டும் பெயர் பெரியது, தொகை மூன்றாவது வருடம்தான் பெயரை எட்டிப்பிடிக்கும். கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள நன்றாக இருக்கும்.

வாடகைப் படியை ஆணையில் பார். மத்திய அரசு விகிதப்படி என்றால் திருச்சி ஒரு வகுப்பு, தஞ்சாவூர் அதற்குக் கீழ் வகுப்பு. இன்றைய விகிதத்தில் திருச்சிக்கு 20 சதவீதம், தஞ்சாவூருக்கு 10. அதாவது 37,000-க்கு அங்கே 7,400, இங்கே 3,700. மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒற்றை அறை வாடகை கேட்டுப் பார்த்துவிட்டு வா.

வயது வரம்பும் இருக்கிறது. எஸ்ஆர்எஃப்புக்கு ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 40. அதனால் 28-ல் தெருவில் நிற்க மாட்டாய், இன்னொரு திட்டத்துக்கு நேர்காணலில் நிற்பாய். எனக்கு அந்த வரிசைதான் சலித்தது. நாலாவது நேர்காணலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் நான் பிஎஸ்சி படிக்கும்போது எனக்கு பிராக்டிகல் சொல்லிக்கொடுத்தவர். அன்றைக்கு ராத்திரியே வங்கித் தேர்வுக்குப் பணம் கட்டினேன்.

விட்டு வந்ததில் வருத்தமா என்று கேட்பார்கள். வருடம் முழுக்க இல்லை. கதிர் வெளிவரும் மாதத்தில் மட்டும்.


அரசலாறு | திங்கள் காலை 6.50

நான் நிரந்தரப் பணியில் இருக்கிறேன், உதவிப் பேராசிரியர். மேலே எழுதியவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

வேளாண் பல்கலைக்கழகத்துக் கீழ் இருக்கிற நிலையத்தில் திட்டம் நடத்துகிறவருக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் ஒரு நூல் அளவுதான். நிதி தருகிற இடம் "ஒரு எஸ்ஆர்எஃப், ஒரு களப்பணியாளர்" என்று ஒப்புதல் கொடுத்தால் அதற்கு மேல் ஒருவரையும் வைக்க முடியாது. திட்டம் முடிந்தால் பதவியும் முடியும், இது ஆணையின் முதல் பத்தியிலேயே இருக்கும். அந்தப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பிடித்துவைக்க எங்களிடம் கயிறு கிடையாது.

எல்லாத் திட்டமும் இப்படி இல்லை. அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்கள் என்று தனி வகை. அதில் செலவில் 75 பங்கு மத்தியக் கழகம், 25 பங்கு மாநிலம். அங்கே இருக்கும் விஞ்ஞானி பதவிகள் பல்கலைக்கழகத்தின் பதவிகள். வருடா வருடம் எழுதிக் கேட்க வேண்டாம். அந்த நாற்காலி காலியானால்தான் பிரச்சினை, நிரப்ப வருடக்கணக்கில் ஆகும்.

வேளாண் அறிவியல் நிலையம் வேறு கணக்கு. நீடாமங்கலம், சிக்கல் இரண்டும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். ஒரு நிலையத்துக்கு மொத்தம் 16 பணியிடம். தலைவர், ஆறு பாட வல்லுநர், அப்புறம் திட்ட உதவியாளர், பண்ணை மேலாளர், ஓட்டுநர் என்று. காலியிடம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தங்கைக்கு என் யோசனை: எஸ்ஆர்எஃப். ஆனால் பிஎச்டி பதிவு பற்றி முதல் நாளே கேட்டுவிடுங்கள். திட்டப் பணியில் இருந்துகொண்டே பதிவு செய்ய விடுவார்களா, அந்த வயல் தரவை ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியில் "பார்த்துக்கலாம்மா" என்று சொல்வதை நம்ப வேண்டாம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், ஆனால் என்னை இடமாற்றம் செய்துவிட்டார்கள்.


பதினோரு மாசம் | திங்கள் காலை 8.20

கயிறு கிடையாது சரி சார். கட்டுரையில் பெயர் போடுவதற்குமா நிதி தருகிற இடத்தின் ஒப்புதல் வேண்டும்? நான் ஓட்டிய ஜெல் படம் அச்சில் வந்திருக்கிறது. நன்றி சொல்லும் பத்தியில் கருவியின் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை.


அரசலாறு | திங்கள் காலை 8.45

அது தவறு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.


களத்துமேடு | திங்கள் பகல் 1.30

எனக்கு 71 வயது. ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பண்ணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன்தான் இதைப் படிக்கக் கொடுத்தான். மெதுவாகத்தான் தட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா நாற்றங்கால், நீ சம்பளம், வருடம் எல்லாம் கேட்கிறாய். சரி. நான் வேலையைச் சொல்கிறேன்.

கிராசிங், அதாவது இரண்டு ரகத்தைக் கலப்பது, புத்தகத்தில் படித்திருப்பாய். சாயங்காலம் தாய்ச் செடியில் கதிர் பாதி வெளியே வந்திருக்கும். மறுநாள் பூக்கப்போகிற பூவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியால் சாய்த்து வெட்ட வேண்டும். உள்ளே ஆறு மகரந்தப் பை இருக்கும். இடுக்கியால் ஆறையும் எடுக்க வேண்டும், ஐந்து எடுத்து ஒன்றை விட்டால் அத்தனையும் வீண். சூலகத்தில் இடுக்கி பட்டாலும் வீண். எடுத்ததும் பட்டர் பேப்பர் பை மாட்டிக் கீழே ஊக்குக் குத்த வேண்டும். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் தகப்பன் செடியின் கதிரைப் பறித்துக்கொண்டுவந்து பைக்குள் மெதுவாகத் தட்ட வேண்டும். மேகம் போட்டால் பூ திறக்கத் தாமதமாகும், நீயும் சேற்றில் காத்திருக்க வேண்டும். சீட்டில் தேதியும் பெற்றோர் பெயரும் பென்சிலில் எழுது. பேனாவில் எழுதினால் ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் கழுவிக்கொண்டு போய்விடும். நான் ஒரு வருடம் பேனாவில் எழுதினவன்.

இருபத்தைந்து முப்பது நாளில் விதை வரும். மூக்கறுந்த நெல்லாக இருக்கும், வெட்டிய இடத்தில் அரிசி வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு கதிருக்குப் பத்துப் பதினைந்து கிடைத்தாலே சந்தோஷம்.

அந்தப் பத்து மணியை விதைத்து முதல் தலைமுறை. அதிலிருந்து இரண்டாம் தலைமுறைக்கு ஆயிரக்கணக்கில் செடி. அதில் பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கி, ஆறாம் தலைமுறையில்தான் ஒரே மாதிரி நிற்கும். அப்புறம் நிலையத்துச் சோதனை, பிறகு பல இடத்துச் சோதனை, எம்எல்டி என்பார்கள். அப்புறம் உழவர் வயலிலேயே போட்டுப் பார்க்கிற சோதனை, ஏஆர்டி. அதற்கப்புறம் வெளியீட்டுக் குழு. குறுவை, தாளடி என்று இரண்டு போகம் போட்டு விரட்டினாலும் எட்டுப் பத்து வருடம் ஆகும்.

இப்போது கணக்கைப் பார். ரகத்துக்குப் பத்து வருடம். உன் ஆணைக்கு ஒன்று. திட்டத்துக்கு மூன்று. நீ மாட்டிய பையில் விளைந்தது என்ன ஆயிற்று என்று நீ பார்க்கப்போவது இல்லை. எனக்குத் தெரிந்து ஒரு கலப்பின் கதையை முதல் சீட்டிலிருந்து கடைசி மூட்டை வரை பார்த்தவர்கள் நிலையத்தில் இரண்டு வகை ஆட்கள்தான். ஒன்று, இடமாற்றம் ஆகாமல் தப்பித்த விஞ்ஞானி. இன்னொன்று, வரப்பில் நிற்கிற பண்ணைத் தொழிலாளி.

ஆடுதுறை நிலையம் 1922-ல் தொடங்கியது. ஆடுதுறை 27, 36, 43, 45 என்று எத்தனை நெல் ரகம் வந்தது, எத்தனை வயலில் நின்றது. முதலில் அரசின் வேளாண் துறையிடம் இருந்த நிலையங்கள் 1981-ல் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. அதற்கு முன்னால் ஆராய்ச்சிக்காரனும் விரிவாக்கக்காரனும் ஒரே துறை, ஒரே ஊழியர் பட்டியல். இன்றைக்கு வயலில் நிற்கிறவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே தனி ஆள் வேண்டும்.

எங்கள் பண்ணையில் ஒரு அம்மா இருந்தார். கலவன், அதாவது நடுவில் கலந்து நிற்கிற வேற்று ரகச் செடி, பிடுங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பூக்கும்போது ஒரு நடை, பால் பிடிக்கும்போது ஒரு நடை. பத்தாயிரம் செடியில் இலை ஒரு விரல் அகலம் கூடினதைக் கண்டுபிடித்து "இது நம்ம புள்ள இல்ல சார்" என்று பிடுங்கிப் போடுவார். படித்தவர்கள் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பார்கள். அவர் கடைசி வரை தினக்கூலி.


தாளடி | திங்கள் மாலை 5.10

ஐயா, நீங்கள் சொன்னது என் அம்மாவாகக்கூட இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் இப்படி ஒரு அம்மா ஒவ்வொரு பண்ணையிலும் இருக்கிறார்.

என் அம்மா 22 வருடம் ஒரு நிலையத்தில் கூலி. நாற்றுப் பறிப்பு, நடவு, பை மாட்டுவது, கலவன், அறுப்பு, விதைக்குத் தூற்றுவது. வருகை மேஸ்திரியின் நோட்டில்தான். மாதம் 26 நாள் போனாலும் நோட்டில் 20 தாண்டாது, மீதி நாளுக்கு வேறு பெயரில் காசு வரும். அந்த வேறு பெயர் என் சித்தியுடையது. சித்தி அந்தப் பண்ணைக்குப் போனதே இல்லை.

இங்கே எல்லோரும் பிஎச்டி, நெட் என்று பேசுகிறீர்கள். பேசுங்கள். நானும் பிஎஸ்சி படித்தேன், அந்தக் காசில்தான். ஆராய்ச்சி நிலைய வேலை என்று தலைப்புப் போட்டால் இதுவும் அதில் வரும் என்று சொல்ல வந்தேன்.


குடமுருட்டி | திங்கள் இரவு 8.00

தஞ்சாவூரில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் உதவியாளராக இருக்கிறேன். சட்டம் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தாளடிக்கு. தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரம் கேட்கலாம். நோட்டில் 20-க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது இப்போது புரிகிறதா? 24 இருபது 480. கூடவே ஒன்றிரண்டு மாதம் ஆளை நிறுத்திவைத்தால் எந்த 24 மாதத்தை எடுத்தாலும் எண் தொடாது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை, தோட்டம், போக்குவரத்து, கடைகள் என்று சில வகை நிறுவனங்களுக்குத்தான். ஆராய்ச்சிப் பண்ணை அதில் வருமா என்பதிலேயே வழக்கு தொடங்கி அதிலேயே வருடங்கள் போகும்.

அரசு நிறுவனம் என்றால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது 2006 உமாதேவி தீர்ப்பு. முறையான தேர்வு இல்லாமல் வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் நிரந்தரம் உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. ஒப்பளிப்பு இருந்த பதவியில், நீதிமன்ற உத்தரவின் தயவு இல்லாமல், பத்து வருடம் பார்த்தவர்களை ஒரே ஒரு முறை பரிசீலிக்கலாம் என்று. நிறுவனங்கள் முதல் பாதியை மட்டும் படித்தன. 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரம் இல்லையென்றாலும் அதே வேலைக்கு அதே ஊதிய விகிதத்தின் அடிநிலை கொடு என்றார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்கி இருபது வருடம் உழைத்தவர்களை வெளியே தள்ளக் கூடாது என்று சொல்லி, பெருக்கித் துடைத்தவர்களையும் தோட்ட வேலை பார்த்தவரையும் நிரந்தரமாக்கினார்கள். மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகம் அது. அம்மாவுக்கு அது தெரிய வேண்டும். வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, நிலையத்தில் எடுத்த பழைய போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது நாற்றங்கால். உங்கள் இரண்டாவது வேலையின் கணக்கு எனக்கு இடிக்கிறது. சம்பளம் 19,500 என்றால் பிஎஃப் 15,000 வரம்புக்கு 12 சதவீதம், 1,800. ஈஎஸ்ஐ முக்கால் சதவீதம், 146. மொத்தம் 1,946 போக 17,554 கையில் வர வேண்டும். 15,100 என்கிறார்கள் என்றால் முதலாளி போட வேண்டிய 1,800-யும், அவர் கட்ட வேண்டிய ஈஎஸ்ஐ மூன்றே கால் சதவீதத்தையும் உங்கள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். 1,800, 634 என்று கூட்டிப் பாருங்கள், சரியாக 15,120-ல் வந்து நிற்கும்.

இன்னொன்று. அங்கே எட்டு வருடம் இருக்கிற ஆறு பேரிடம் கேளுங்கள், எட்டு வருடத்தில் ஏஜென்சி எத்தனை மாறியது என்று. டெண்டர் மாறும்போதெல்லாம் அவர்கள் புது ஆள். ஆணையில் முதலாளி என்று இருப்பது ஏஜென்சி, நிலையம் கிடையாது. அப்பாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.


ஓலைச்சுவடு | திங்கள் இரவு 9.25

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் நெல்லையே பேசுகிறீர்கள். தஞ்சாவூரில் சுவடி, கல்வெட்டு, அகராதி என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு கூட்டமும் உண்டு. எங்களுக்குத் திட்ட உதவியாளர் என்று பெயர். எங்கள் திட்டங்கள் ஆறு மாதத்தில்கூட முடியும். மருத்துவச் சுவடி ஒன்றை எண்ணெய் தடவி, எழுத்து மேலே வந்து, கூட்டெழுத்து பழகி, இது எந்தக் கை என்று அடையாளம் தெரியவே ஆறு மாதம் ஆகும். அப்போது ஆணை முடிந்திருக்கும். பாதியில் கட்டிவைத்த கட்டை அடுத்த ஆள் முதல் ஏட்டிலிருந்து படிப்பார். உங்களுக்கு 37,000 என்று படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.


விளமல் | திங்கள் இரவு 9.50

திருவாரூரில் முழுநேர பிஎச்டி. ஜேஆர்எஃப் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாதவர்களுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொடுப்பது மாதம் 8,000. பல வருடமாக அதே 8,000. விடுதி மெஸ் கட்டணம் மட்டும் அப்படியே நிற்கவில்லை. ஓலைச்சுவடு சார், நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் போடுங்கள்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2022 யுஜிசி விதியில் பெண்களுக்கு பிஎச்டி முடிக்க இரண்டு வருடம் கூடுதல் தளர்வும், மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. நாற்றங்கால் அம்மாவிடம் ஜாதகம் பேச்சு வரும்போது பயன்படும்.


நெறியாளர் | திங்கள் இரவு 10.30

இரண்டு பதில்களில் நிலையத்தின் பெயரும் ஒரு அதிகாரியின் பெயரும் இருந்தன, நீக்கியிருக்கிறேன். குறை சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.


நாற்றங்கால் | செவ்வாய் காலை 7.15

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அப்பாவிடம் குடமுருட்டி அண்ணன் போட்ட கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டால் சண்டை போடுகிறவர், இந்த 1,800-ஐ உற்றுப் பார்த்துவிட்டு "முதலாளி காசையும் நாமளே கட்டணுமா" என்றார். அதோடு ஏஜென்சி பேச்சு முடிந்தது.

அந்த லேபில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடமும் கேட்டேன். எட்டு வருடத்தில் நாலு ஏஜென்சி. ஒவ்வொரு தடவையும் புது பிஎஃப் கணக்கு. இரண்டு கணக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

எஸ்ஆர்எஃப்புக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வெட்டாறு அண்ணா, நீங்கள் சொன்ன வங்கித் தேர்வையும் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அரசலாறு சார், பிஎச்டி விஷயத்தை எழுத்தில் கேட்கலாமா? முதல் நாளே காகிதம் நீட்டினால் திமிர் என்று நினைக்க மாட்டார்களா?


அரசலாறு | செவ்வாய் காலை 7.40

நினைப்பார்கள். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். கடிதத்தில் "தங்கள் மேலான அனுமதியை வேண்டி" என்று தொடங்குங்கள், பாதி கோபம் அங்கேயே போய்விடும். நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. விஞ்ஞானிப் பதவிக்கான ஏஆர்எஸ் (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வை விடாதீர்கள். 1975-லிருந்து அந்தப் பணித்தொகுதி இருக்கிறது. தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. இடம் குறைவு, போட்டி கடுமை, எல்லாம் உண்மை. ஆனால் நெட்டுக்குப் படிப்பதில் பெரும்பகுதி அதற்கும் உதவும்.


வெட்டாறு | செவ்வாய் காலை 9.05

கோபமா? பாடப்புத்தகம் எல்லாம் என் பரணில்தான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ. ஏஆர்எஸ்ஸுக்கு மூன்று தடவை படித்த கோடுகளும் அதில் இருக்கும்.

பதினோரு மாசம், உனக்கு ஒன்று. அந்தக் கட்டுரை விஷயம், அடுத்ததிலாவது முதல் வரைவு உன்னிடமிருந்து போகட்டும். வரைவை எழுதுகிறவன் பெயரை எடுப்பது, படத்தை மட்டும் கொடுத்தவன் பெயரை எடுப்பதைவிடக் கொஞ்சம் கஷ்டம்.


பதினோரு மாசம் | செவ்வாய் பகல் 2.10

எழுதலாம். ஆணை முடிவது 30-ம் தேதி. பார்க்கலாம்.


நாற்றங்கால் | பதினேழு நாள் கழித்து, வெள்ளி இரவு 8.30

சேர்ந்துவிட்டேன். திங்கள்கிழமை போனேன், ஆனால் சேர்க்கைக் கடிதத்தில் இயக்குநர் கையெழுத்து வியாழக்கிழமைதான் கிடைத்தது. அதனால் என் பணி வியாழனிலிருந்துதான் தொடங்குகிறதாம். மூன்று நாள் கூலி போச்சு. பிஎச்டி கடிதம் கொடுத்தாயிற்று, முத்திரையும் வாங்கினேன். எழுத்தர் முத்திரையை இரண்டு தடவை ஊதிவிட்டுக் குத்தினார்.

இன்றைக்குச் சாயங்காலம் முதல் கிராசிங். நாலு கதிர் செய்தேன். இரண்டில் சூலகம் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. பக்கத்து வரிசையில் ஒரு அக்கா, தினக்கூலிதான், நான் ஒன்று முடிப்பதற்குள் மூன்று முடித்துவிட்டுப் பையை வாங்கி அவரே மாட்டினார். "ஊக்கு இப்படிக் குத்தினா காத்துல கழண்டுடும் கண்ணு" என்று திருத்திக் காட்டினார். வருகை நோட்டில் அவருக்கு இன்று நாள் போட்டார்களா என்று பார்த்தேன். போட்டிருந்தார்கள்.

களத்துமேடு ஐயா, சீட்டு பென்சிலில்தான். எச்பி போதுமா, இல்லை 2பி வேண்டுமா? எச்பியில் எழுதினது லேசாகத் தெரிகிறது.


களத்துமேடு | வெள்ளி இரவு 9.15

2பி வாங்கு. சீட்டை மெழுகில் முக்காதே, எழுத்து வழுக்கும். நாளைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு வயலில் இரு, மேகம் இருந்தால் பத்தரை வரை பொறு.